ஸ்பீட்வே பந்தயத்தில் புள்ளி குறிப்பது எப்படி

ஸ்பீட்வே என்பது மண் தடத்தில் நடக்கும் மோட்டார் பைக் பந்தயம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள பெல் வியூ தடத்தில் பிரிமியர்ஷிப் (பிரிட்டனின் முதல்நிலை ஸ்பீட்வே அணி லீக்) போட்டி பார்க்கப் போனால் பென்சில் எடுத்துச் செல்லுங்கள். தூறலில் பேனா மை கரைந்துவிடும். முதல் வளைவை ஒட்டி நிற்கவே நிற்காதீர்கள். பிரேக் இல்லாத நான்கு பைக்குகள் பின்சக்கரத்தைச் சறுக்கித் திரும்பும்போது, தடத்து மண் உங்கள் தேநீரில்தான் விழும்.

சிவப்பு, நீலத் தலைக்கவசங்கள் உள்ளூர் அணி. வெள்ளை, மஞ்சள் விருந்தாளிகள். நான்கு சுற்று முடிய ஒரு நிமிடம்தான் ஆகும், ஆகவே அரட்டை வேண்டாம். வந்த வரிசையில் 3, 2, 1, 0 என்று நிகழ்ச்சித்தாளில் எழுதுங்கள். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடாவைப் புறப்படும் முன்பே தொட்டவரைத் தனியாகக் குறியுங்கள். ஒரு போட்டியில் இப்படி மொத்தம் 15 பந்தயங்கள்; ஓர் அணி 46 புள்ளி எட்டினால் வெற்றி உறுதி.

பருவம் முழுவதும் தொடர்பவர்கள் வெளியூர் முடிவுகளையே உற்றுப் பாருங்கள். சொந்தத் தடத்தில் யார்தான் புலி இல்லை?