டயர் சைஸ்: கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு

தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்சீட்டில் இருந்த அத்தை "ஏதோ உரசுதுப்பா" என்றார். காரில் ஐந்து பேர், டிக்கியில் இரண்டு பெட்டி மாம்பழம். ஓரங்கட்டிப் பார்த்தால், பின்டயர் உள்பக்க பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் கோடு போட்டிருந்தது. இரண்டு நாள் முன்புதான் தர்மபுரியில் ஒரு கடையில், "ஒரு சைஸ் தூக்கிப் போட்டா கெத்தா நிக்கும் சார்" என்ற பேச்சில் மயங்கி டயரோடு ரிம்மையும் மாற்றியிருந்தேன். நீங்களாவது கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

முதலில், டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படியுங்கள். என் வண்டியில் இருந்தது 165/80 ஆர்14. இதில் 165 அகலம், மில்லிமீட்டரில். 80 மில்லிமீட்டர் அல்ல, இங்கேதான் பலரும் சறுக்குவது. அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 'ஆர்' என்றால் ரேடியல், டயரின் உள் இழைகள் குறுக்குவாட்டில் ஓடும் வகை. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்து மொத்த உயரம். 14 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 355.6. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், இரண்டும் சேர்ந்து 264. கூட்டினால் 619.6 மி.மீ.

இப்போது புது சைஸுக்கும் இதையே செய்யுங்கள். 185/65 ஆர்15 என்றால் 621.5. இரண்டு மி.மீ. வித்தியாசம்கூட இல்லை, உயரக் கணக்கில் தாராளமாகப் போடலாம். நான் போட்டதோ 195/65 ஆர்15: 634.5! உயரம் 15 மி.மீ., அகலம் 30 மி.மீ. கூடுதல். உரசாமல் என்ன செய்யும்? போதாததற்கு, மீட்டர் 80 காட்டினால் கணக்குப்படி வண்டி 82-இல் ஓடும். மொத்த உயரம் மூன்று சதவீதம் வரை மாறலாம் என்பார்கள். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

சைஸுக்குப் பின்னால் 85டி (85T) என்பதுபோல இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 'டி' என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. பழையதைவிட இவை குறையக் கூடாது.

அலாய் ரிம் வாங்குகிறீர்களா? 4×100 என்றால் நான்கு போல்ட், அவை அமையும் வட்டம் 100 மி.மீ. அது அப்படியே பொருந்த வேண்டும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பூட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற எண். அது 10 குறைந்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும்.

டயரில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். அப்புறம், பணம் கொடுக்கும் முன் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடையாவது ஏறி இறங்குங்கள்.