"வலிக்குதா?" என்றால் "இல்லை" என்பார்கள்: வார்டில் கூட இருப்பவர்களுக்கு

கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டி வார்டில் படுத்திருக்கிறார். "வலிக்குதா பாட்டி?" என்றால் "ஒண்ணுமில்லைப்பா" என்கிறார். இந்தப் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். தாங்கவே முடியாததைத்தான் பல பெரியவர்கள் 'வலி' என்பார்கள். மற்றதெல்லாம் உளைச்சல், குடைச்சல், கடுப்பு, இழுத்துப் பிடிப்பது. அதனால் "கால் உளையுதா? எங்கேயாவது குத்துதா?" என்று கேளுங்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மாட்டிவிட்டுக் கேளுங்கள். பத்துக்கு எத்தனை என்றால் சிலர் குழம்புவார்கள். லேசா, சுமாரா, தாங்க முடியலையா என்பதே போதும். செலவாகுமே என்று வாய் திறக்காத பாட்டிகளும் உண்டு. முக்கியமாக, அசையாமல் படுத்திருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். புரண்டு படுக்கும்போதும், பெட்பேன் வைக்கும்போதும், இருமும்போதும் கேளுங்கள். இடுப்பு முறிவு அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

மறதிநோயால் சொல்லத் தெரியாதவரா? கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2003இல் வெளிவந்த 'பெய்னாட்' என்ற அளவுகோல் இதற்கு உதவும். மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தடவிக்கொடுத்தால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும், மொத்தம் 10. எண் கூடக்கூட வலி அதிகம் என்று அர்த்தம். காலையில் போட்ட எண்ணோடு இப்போதையதை ஒப்பிடுவதில்தான் பயன். திடீரென உளறினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், இன்ஃபெக்‌ஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். சிஸ்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அப்புறம் மருந்து. பெரும்பாலும் பாராசிட்டமாலில்தான் தொடங்குவார்கள். வலி வந்தபின் கேட்டு வாங்குவதைவிட நேரம் வைத்துக் கொடுப்பது நல்லது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மெலிந்த பாட்டியின் எடையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னி, வயிறு, இதயம் மூன்றையும் பதம் பார்க்கும். டிரமடால், மார்ஃபின் போன்ற வீரியமான வலி மருந்து எழுதினால் கூடவே மலமிளக்கி உண்டா என்று கேளுங்கள். எழுப்பியும் எழாமல் மூச்சு மெதுவானால் அந்த நிமிடமே ஆளைக் கூப்பிடுங்கள். நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் இடுப்பு முறிவுக்கு உண்டு. மயக்க மருந்து டாக்டரிடம் விசாரியுங்கள்.

மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டு, நேரத்தோடு ஒரு தாளில் குறியுங்கள். பிசியோதெரபிஸ்ட் 10 மணிக்கு வருகிறார் என்றால், அந்த வேளை மாத்திரையை 9 மணிக்கே தர முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டுவையுங்கள்.