ஆறுமணிக்குருவியைப் படமெடுக்க

குளிர்காலத்தில் எங்கள் அடையாறு பூங்காவுக்குள் நுழைந்ததும் கிளைகளை அண்ணாந்து பார்க்க மாட்டேன். நிழலில் கிடக்கும் சருகுகளைத்தான் பார்ப்பேன். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு என இத்தனை நிறங்கள் கொண்ட ஆறுமணிக்குருவி தரையில்தான் இரை தேடும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும். அந்தத் திசையைப் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். துரத்த வேண்டாம், சருகைப் புரட்டியபடி அதுவே நகர்ந்து வரும்.

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொங்குகிறது. இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் பறந்து வரும் உயிர் அது, இரை தேடட்டும். ஃபிளாஷும் கூடாது.

300 மி.மீ. லென்ஸ் போதும். கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். கேமராவின் ஒளி உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் உயர்த்தத் தயங்காதீர்கள். படத்தில் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை, கண் தெளிவாக விழ வேண்டும். துள்ளல் நின்று தலை திரும்பும்போது அழுத்துங்கள்.