பெற்றோருக்கு மெடிக்கேர் மருந்துக் காப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்தில், நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் முதியவர்களுக்கு, அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் படிவங்களை விளக்கும் தன்னார்வலனாக உட்கார்கிறேன். கிரீன் கார்டில் வந்து ஐந்தாண்டுகளை முடித்த அப்பா அம்மாவை அழைத்து வரும் நம்மவர்கள், என் தந்தையின் விஷயத்தில் நான் செய்த அதே பிழையைச் செய்யக் காண்கிறேன். படிவத்தில் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

“ஊரிலிருந்து மாத்திரை வருகிறதே, பார்ட் டி எதற்கு?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், 2021இல் இதை முதலில் கேட்டவன் நான்தான். மருத்துவமனைச் செலவுக்குப் பார்ட் ஏ, மருத்துவர் செலவுக்குப் பார்ட் பி என்று பிரித்திருக்கும் மெடிக்கேரில், வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்கான பார்ட் டி 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதைத் தனியார் நிறுவனங்கள் வழியாகத் தனியே வாங்க வேண்டும். என் தந்தையிடம் அப்போது ஒரு துணிப்பை இருந்தது. மதுரையில் வாங்கிய சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும், ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டுகளாக, ‘காலை’, ‘இரவு’ என்று அவரே எழுதிய துண்டுச் சீட்டுகளோடு அதில் இருந்தன. அந்தப் பையை நம்பி, முதன்முறை சேர்வதற்கு அவருக்குரிய ஏழு மாதச் சேர்க்கைக் காலம் ஆகஸ்டோடு முடிவதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன்.

2024 மே மாதத்தில் அவருக்கு இதயத் துடிப்பு சீர்கெட்டது. இரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் எழுதிக் கொடுத்தார்கள். மலிவான ஜெனரிக் வடிவம் இங்கே விற்பனைக்கு வராத அம்மருந்துக்கு, காப்பீடு இல்லாதவர் அன்று மாதம் 500 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. உடனே பார்ட் டியில் சேர்த்துவிடலாம் என்று ஓடினேன். நோய் வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கதவு திறக்காது என்பதை அன்றுதான் அறிந்தேன். அக்டோபர் வரை காத்திருந்து சேர்ந்தாலும் காப்பீடு தொடங்குவது ஜனவரி 1 அன்றுதான் என்பதால், எட்டு மாதங்கள் முழு விலையையும் கையிலிருந்து கொடுத்தோம்.

அத்தோடு தீரவில்லை. மெடிக்கேரின் தரத்துக்கு நிகரான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் 63 நாட்களோ அதற்கு மேலோ இருந்தால், காப்பீடற்ற ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 விழுக்காடு அபராதமாகச் சேர்கிறது. 2021 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரை 40 மாதங்கள், ஆகவே 40 விழுக்காடு. அடிப்படைப் பிரீமியம் 36.78 டாலராக இருந்த 2025இல் மாதம் 14.70 டாலர் கூடுதலாகக் கட்டினோம், அது 38.99 ஆன 2026இல் 15.60 டாலர். பார்ட் டி வைத்திருக்கும் காலமெல்லாம் இந்த அபராதம் தொடரும். தொகை ஆண்டுக்காண்டு மாறும், விழுக்காடு குறையாது. இருப்பதிலேயே மலிவான ஒரு திட்டத்தில் அன்றே பெயரைப் பதிந்து வைத்திருந்தால் இவற்றில் எதுவும் நேர்ந்திருக்காது.

பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல் உண்டு. ஒரே மருந்து ஒன்றில் இரண்டாம் படியிலும் மற்றொன்றில் நான்காம் படியிலும் இருக்கலாம்; பொதுவாகப் படி உயர உயர நாம் கொடுக்கும் பங்கும் கூடும். முன் அனுமதி வேண்டுமா, மலிவான மருந்தை முதலில் முயன்று பார்க்கச் சொல்கிறார்களா, வீட்டருகே உள்ள ஃபார்மசி அந்தத் திட்டத்தின் சலுகைக் கடைகளில் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டிலுள்ள பெயர்களையும் மில்லிகிராம் அளவுகளையும் மெடிக்கேரின் இணையதளத்தில் இட்டால், பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டு மொத்தம் கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையைத்தான். பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஒருவர் கையிலிருந்து கொடுக்கும் தொகைக்கு 2025இல் 2,000 டாலர் என்றும் 2026இல் 2,100 டாலர் என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத மருந்துக்குச் செலவிட்ட பணம் அந்தக் கணக்கில் சேராது.

கணவன் மனைவிக்கு ஒரே திட்டம்

குடும்பத் திட்டம் என்று ஒன்று இங்கே கிடையாது; இருவரும் தனித்தனியே சேர வேண்டும்.

செப்டம்பரில் வரும் மாற்ற அறிவிப்பைப் பிரிக்காமல் வைப்பது

உங்கள் திட்டத்தில் அடுத்த ஆண்டு என்னென்ன மாறப்போகிறது என்று சொல்லும் கடிதம் அது. பிரித்துப் படியுங்கள்.

அட்வான்டேஜில் இருந்துகொண்டு தனி பார்ட் டி வாங்குவது

பார்ட் ஏ, பார்ட் பி பலன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தருவது மெடிக்கேர் அட்வான்டேஜ். அதில் எச்எம்ஓ, பிபிஓ எனப்படும், மருத்துவர் வலையமைப்பைக் கொண்ட வகைத் திட்டங்களில் இருப்பவர் தனி மருந்துத் திட்டத்தில் சேர்ந்தால், அட்வான்டேஜிலிருந்து தாமாகவே நீக்கப்பட்டுவிடுவார்.

மகனின் சம்பளத்தை எண்ணி எக்ஸ்ட்ரா ஹெல்ப் கேட்காமலிருப்பது

பிள்ளையின் வருமானம் அதிகம் என்பதால் தங்களுக்கு உதவி கிடைக்காது என்று பல பெற்றோர் தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள். பிரீமியத்தையும் மருந்துச் செலவையும் பெருமளவு குறைக்கும் எக்ஸ்ட்ரா ஹெல்ப் சலுகைக்கு, விண்ணப்பிப்பவர், அவருடைய கணவர் அல்லது மனைவி ஆகியோரின் வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்க்கிறார்கள். அது கிடைத்தவர்கள் தாமத அபராதமும் கட்ட வேண்டியதில்லை. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, ஊரில் வங்கிக் கணக்கில் விழும் ஓய்வூதியத்தையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.