மார்க்டவுன் குறிப்புகளை நம் டெம்ப்ளேட்டில் வேர்ட் கோப்பாக எடுப்பது எப்படி?

மார்க்டவுன் என்பது தலைப்பு, பட்டியல் முதலியவற்றை எளிய குறிகளால் காட்டும் சாதாரண எழுத்துக் கோப்பு வடிவம். அதை எழுத உதவும் செட்லர் என்ற மென்பொருளில் எழுதிய குறிப்பை வேர்ட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் தலைப்புகள் நீல நிறத்தில் இருக்கும், பக்க எண் இருக்காது, தமிழ் எழுத்து ஏதோ ஓர் எழுத்துருவில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் வேர்டில் திறந்து இதையெல்லாம் சரிசெய்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு டெம்ப்ளேட் தயார் செய்து வைத்தால் போதும், அடுத்தடுத்த கோப்புகள் அதே அமைப்பில் வந்துவிடும்.

செட்லர் ஒரு இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மார்க்டவுனை வேர்டாக மாற்றும் வேலையை உள்ளிருந்து செய்வது பான்டாக் என்ற கருவி. ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்டது. செட்லரோடு சேர்ந்தே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. அப்சிடியன் என்ற இன்னொரு குறிப்பு மென்பொருளில் குறிப்பு வைத்திருப்பவர்கள் அதே கோப்புறையை செட்லரில் திறந்துகொள்ளலாம். இரண்டுமே சாதாரண மார்க்டவுன் கோப்புகளைத்தான் பயன்படுத்துகின்றன.

படி 1: குறிப்பின் தலையை எழுதுங்கள்

கோப்பின் முதல் வரியில் மூன்று இடைக்கோடுகள் போடுங்கள். அடுத்தடுத்த வரிகளில் டைட்டில், ஆத்தர், டேட் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எழுதி, ஒவ்வொன்றின் பின்னும் முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு உங்கள் விவரம். கடைசியில் மறுபடியும் மூன்று இடைக்கோடுகள். விவரங்களைத் தமிழிலேயே எழுதலாம்.

முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாவிட்டால் வேலை செய்யாது. தலைப்புக்குள்ளேயே முக்காற்புள்ளி வந்தால், உதாரணமாக 'குறுந்தொகை: சில குறிப்புகள்' என்றிருந்தால், முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்போர்ட் பிழை காட்டி நின்றுவிடும்.

படி 2: ஒரு மாதிரிக் கோப்பை எடுங்கள்

டெம்ப்ளேட்டை வெற்று வேர்ட் கோப்பிலிருந்து தொடங்க வேண்டாம். பான்டாக் தானே உருவாக்கிய கோப்பைத் திருத்துவதுதான் சரியான வழி, ஏனென்றால் அதற்குத் தேவையான ஸ்டைல்கள் (தலைப்பு, பத்தி போன்றவற்றுக்கான பெயரிட்ட வடிவமைப்புகள்) எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். ஆகவே ஒரு சோதனைக் குறிப்பை எழுதுங்கள்: தலைப்பு, இரண்டு நிலை உட்தலைப்புகள், இரண்டு பத்திகள், ஒரு பட்டியல், ஒரு மேற்கோள், ஓர் அடிக்குறிப்பு. கருவிப்பட்டையில் உள்ள எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி, வேர்ட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

எடுத்த கோப்பு எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். செட்லரின் அமைப்புகள் இருக்கும் பிரிஃபரன்சஸில் எக்ஸ்போர்ட் பகுதியில் 'தற்காலிகக் கோப்புறை' என்று இருந்தால், அங்கே போன கோப்பு எப்போது வேண்டுமானாலும் அழிந்துபோகலாம். குறிப்பு இருக்கும் கோப்புறைக்கே மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றினால், அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: ஸ்டைல்களை மாற்றுங்கள்

எடுத்த கோப்பை வேர்டில் திறந்து, வேறு பெயரில் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். வேர்டின் வழக்கமான டாக்எக்ஸ் வடிவமே போதும்.

டெம்ப்ளேட்டில் இருக்கும் எழுத்துகளை பான்டாக் படிப்பதே இல்லை. ஸ்டைல்கள், தாள் அளவு, ஓர இடைவெளி, தலைப்பகுதி, அடிப்பகுதி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நிறத்தை மாற்றினால் பலன் பூஜ்யம். ஸ்டைல் பட்டியலில் அந்த ஸ்டைலின் பெயரை வலது சொடுக்கி, மாடிஃபை மூலமாகத்தான் மாற்ற வேண்டும்.

நார்மல், பாடி டெக்ஸ்ட், ஹெடிங் 1, ஹெடிங் 2, டைட்டில், பிளாக் டெக்ஸ்ட், ஃபுட்நோட் டெக்ஸ்ட் ஆகிய ஏழையும் சரிசெய்தால் பெரும்பாலான குறிப்புகளுக்குப் போதும். தலைப்பை அடுத்து வரும் பத்திக்கு ஃபர்ஸ்ட் பாராகிராஃப் என்று தனி ஸ்டைல் உண்டு. அது பாடி டெக்ஸ்டைப் பின்பற்றுவதால் பொதுவாகத் தொட வேண்டாம். நெருக்கமான பட்டியல்களுக்கு காம்பேக்ட்.

தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது எழுத்துருவில். மாடிஃபை பெட்டியில் ஃபார்மட், பிறகு ஃபாண்ட் என்று போனால் இரண்டு பகுதிகள் தெரியும்: மேலே லத்தீன் எழுத்துக்கு, கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ். தமிழ் இந்த இரண்டாவதில்தான் வரும். மேலே மட்டும் நிர்மலா யுஐ என்று போட்டு அளவை 12 ஆக்கினால் ஆங்கில எழுத்துகள் மட்டும் மாறும், தமிழ் அப்படியே கிடக்கும். எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் கீழ்ப்பகுதியில் தனியாகக் கொடுங்கள். அந்தப் பகுதியே தென்படவில்லையா? ஆஃபிஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள். லிபர்ஆஃபிஸில் இதே பகுதிக்கு சிடிஎல் என்று பெயர்.

நார்மலில் மாற்றியது தலைப்புகளுக்குப் போகாது. அவற்றுக்குத் தனி எழுத்துரு இருப்பதால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். கடைசியாக, தாளை ஏ4 ஆக்கி, அடிப்பகுதியில் பக்க எண் செருகிச் சேமியுங்கள்.

படி 4: டெம்ப்ளேட்டை செட்லரோடு இணையுங்கள்

பிரிஃபரன்சஸ் மெனுவில் அசெட்ஸ் மேனேஜரைத் திறந்து எக்ஸ்போர்ட்டிங் பகுதிக்குப் போங்கள். வேர்டுக்கான புரொஃபைலில் (எக்ஸ்போர்ட் அமைப்புகள் அடங்கிய கோப்பு) உள்ளதை நகலெடுத்து, புதிய புரொஃபைலில் ஒட்டி, அதற்கு 'கட்டுரை' என்பது போல ஒரு பெயர் வையுங்கள். மூலத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. ரீடர், ரைட்டர் என்று தொடங்கும் இரண்டு வரிகளையும் அழித்துவிடாதீர்கள். அவை இல்லாத புரொஃபைலை செட்லர் ஏற்காது.

இனி ஒரு புது வரி. ரெஃபரன்ஸ், இடைக்கோடு, டாக், மூன்றையும் சேர்த்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். பிறகு முக்காற்புள்ளி, இடைவெளி, டெம்ப்ளேட் கோப்பின் முழுப் பாதை. அந்த வரி ஏற்கெனவே இருந்தால் பாதையை மட்டும் மாற்றுங்கள். விண்டோஸிலும் பாதையில் முன்சாய்கோடே போடுங்கள்: பின்சாய்கோட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அதற்கு வேறு பொருள் வந்து பாதை உடைந்துபோகும். வரியின் தொடக்கத்தில் டேப் அடிக்கக் கூடாது. சேமித்தபின் எக்ஸ்போர்ட் பட்டியலில் 'கட்டுரை' தெரியும்.

வழக்கமாக எழும் சிக்கல்கள்

பட்டியல் முழுவதும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டால், அதற்கு முன் ஒரு வெற்று வரி விடவில்லை என்று அர்த்தம். உட்தலைப்புக்கும் இதே விதிதான். செட்லரின் திரையில் சரியாகத் தெரிந்தாலும் பான்டாக் இதில் கண்டிப்பானது.

கவிதை வரிகள் உரைநடைபோல நீண்டு வந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். ஒற்றை வரி முறிவை பான்டாக் வெறும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும்.

அனுமதி மறுப்பு என்ற பிழை வந்தால், முந்தைய கோப்பு வேர்டில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் பத்துக்கு ஒன்பது முறை அதுதான்.

இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்த உள் இணைப்புகள் கோப்பில் அப்படியே வந்தால், பிரிஃபரன்சஸில் உள் இணைப்புகளுக்கான அமைப்பை மாற்றுங்கள். முழுவதுமாக நீக்கலாம், அல்லது அடைப்பை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைக்கலாம்; வாசகம் அறுபடாமல் இருக்க இரண்டாவதே நல்லது.

பிடிஎஃப் வேண்டுமென்றால் செட்லரில் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் மூலம் பிடிஎஃப் எடுக்கும் வழியில் இப்போதைக்கு இறங்காதீர்கள். அதற்கு லேடெக்கைத் தனியாக நிறுவ வேண்டும். அதன் இயல்பு எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லாததால், எழுத்துருவைக் குறிப்பிடாமல் விட்டால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். வேர்ட் கோப்பைத் திறந்து, அங்கிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.