ஐசி எண்ணின் கடைசி இலக்கம் சொல்லாதது

மலேசிய அடையாள அட்டை (ஐசி) எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இதனால் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வசதி. நோயாளியிடம் எதையும் கேட்க வேண்டாம், ஐசி எண்ணை வைத்தே எக்செல்லில் ஒரு பத்தியை நிரப்பிவிடலாம். அதற்குத் தலைப்பு 'ஜந்தினா'. விலங்குகளின் ஆண், பெண்ணைக் குறிக்கும் ஜந்தான், பெத்தினா என்ற இரு மலாய்ச் சொற்களை ஒட்டவைத்துச் செய்த சொல் அது. அதாவது உடலைப் பற்றிய சொல். ஆனால் ஆய்வேட்டின் முடிவுரைக்கு வந்ததும் அதே பத்தி, "பெண்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருகிறார்கள்" என்று வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். கோலாலம்பூரில் மாணவர்களின் புள்ளிவிவரக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் எனக்கு அதிகம் தட்டுப்படும் தவறு இதுதான்.

தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. பால் என்பது குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு சார்ந்தது. பாலினம் என்பது சமூகம் ஒருவர் தலையில் வைக்கும் வேலையும் எதிர்பார்ப்பும், அவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதும். 1998-99இல் இங்கே நிப்பா வைரஸ் பரவியபோது நோய்வாய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பன்றிப் பண்ணைகளில் விலங்குகளோடு நெருங்கி வேலை செய்தவர்கள் அவர்கள்தான். ஜந்தினா பத்தியை மட்டும் பார்த்தால் ஆண் உடலில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். கூடவே "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று ஒரு கேள்வி இருந்தால் கதையே வேறு.

அடுத்தது எலிக்கூண்டு. பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கொரு ஹார்மோன் சுழற்சி, அளவீடு தாறுமாறாகும், ஆண் எலியே போதும் என்பார்கள். 2014இல் வந்த ஒரு மீளாய்வு, சுண்டெலிகளைப் பற்றிய 293 கட்டுரைகளை அலசிப் பார்த்தது. சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் அளந்தபோதும், பெண் எலிகளின் ஏற்ற இறக்கம் ஆண் எலிகளைவிட அதிகமில்லை. ஒரே கூண்டில் அடைத்த ஆண் எலிகள் யார் பெரியவன் என்று அடித்துக்கொள்வதை நேரில் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. செல் ஆய்விலும் இதே அலட்சியம்தான்: ஆய்வகங்களில் வளர்த்துப் பயன்படுத்தும் ஹீலா செல்கள் 1951இல் ஒரு பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்டவை, ஆனால் செல்லின் பாலை எழுதிவைக்கும் கட்டுரைகள் குறைவு.

சரி, இரு பாலாரையும் சேர்த்தாயிற்று. அப்புறம்தான் பெரிய வழுக்கல். ஒரு மருந்து ரத்த அழுத்தத்தை ஆண்களிடம் 10 புள்ளி குறைக்கிறது, பி மதிப்பு 0.03 (0.05க்குக் கீழே இருந்தால் முடிவைப் புள்ளிவிவரப்படி ஏற்பது வழக்கம்). பெண்களிடம் 8 புள்ளி, பி மதிப்பு 0.09. உடனே "மருந்து ஆண்களிடம் வேலை செய்கிறது, பெண்களிடம் செய்யவில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 10க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சோதிக்கவே இல்லையே! அதற்கு இடைவினைச் சோதனை என்று தனியாக ஒன்று இருக்கிறது. பாலை ஒரு மாறியாகப் புள்ளிவிவர மாடலில் சேர்த்துச் 'சரிக்கட்டி'விட்டால் போதும் என்பதும் தவறு. அது மருந்தின் விளைவு இரு பாலாரிடமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுமே தவிர, வேறுபடுகிறதா என்று கேட்காது. ஒரு விளைவைக் காண 100 பேர் போதும் என்றால், அதே அளவுள்ள வேறுபாட்டை இரு பாலாருக்கிடையே காண ஏறக்குறைய 400 பேர் வேண்டும். முதுகலை மாணவருக்கு அது கட்டுப்படியாகாது. எண்களைப் பால்வாரியாகப் பிரித்து அட்டவணையில் கொடுத்துவிட்டு, "முடிவு சொல்ல இது போதாது" என்று எழுதினாலே நேர்மை. பின்னால் வருபவர் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்வார்.

பிரித்துப் பார்க்காததன் விலையும் தெரிந்ததே. தூக்க மருந்தான ஸோல்பிடெம், பெண்களின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் கார் ஓட்டும்போதும் மருந்து ரத்தத்தில் மிச்சமிருக்கும். 1992இல் அங்கீகரித்த மருந்துக்கு, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குறைத்தது 2013இல்தான்.

ஆள் சேர்க்கும் நேரத்தையும் பாருங்கள். அடுக்குமாடி வீடுகளுக்குக் காலை பதினொரு மணிக்குக் கேள்வித்தாளோடு போனால் கதவைத் திறப்பது பெரும்பாலும் பாட்டிகள். தொழிற்சாலைக்குப் போன மகள் உங்கள் ஆய்வில் இல்லை, லாரி ஓட்டும் மருமகனும் இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை போங்கள். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நடை போட வேண்டியிருக்கும்.