சமூக மன்றத்தின் வழியாக அண்டை வீட்டாரை ஒன்றுசேர்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிப் புளோக்குகளில் குடியிருப்போர் பலருக்கு எதிர்வீட்டுக்காரரை மின்தூக்கியில் பார்த்த பழக்கம் உண்டு. ஆனால் அவருடைய பெயர் தெரியாது. 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரியாக வரம்பு வகுத்து, எல்லா இனத்தவரும் கலந்து குடியிருக்க வகைசெய்தது. அப்படிக் குடியேறியவர்களைப் பேச்சுப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது தொண்டூழியர்களின் வேலை. அதைத் தொடங்கச் சமூக மன்றமே ஏற்ற இடம்.

முதலில் உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் முகப்புக்குச் சென்று, தொண்டூழியராகச் சேர விரும்புவதைத் தெரிவியுங்கள். 1960 ஜூலை 1 அன்று அமைக்கப்பட்ட மக்கள் கழகத்தின்கீழ் சமூக மன்றங்களும் அவற்றைச் சார்ந்த பல குழுக்களும் இயங்குகின்றன. தமிழர்களாகிய நாம் இயல்பாகவே இந்தியர் நற்பணிச் செயற்குழுவை நாடுவோம். பொங்கலும் தீபாவளியும் அங்கே சிறப்பாகவே நடக்கின்றன. ஆனால் நோக்கம் அண்டை வீட்டாரைச் சேர்ப்பது என்றால், 1978இல் வசிப்போர் குழுக்களாகத் தொடங்கப்பட்டு, இப்போது வசிப்போர் கட்டமைப்புகள் (Residents' Networks) எனப்படும் குழுக்களில் உங்கள் புளோக்கைச் சேர்ந்ததில் இணைவதையே பரிந்துரைப்பேன். அதன் எல்லை சில புளோக்குகள் மட்டுமே என்பதால், இன்று சந்தித்தவரை நாளையும் பார்க்கலாம்.

எதை நடத்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரிய விழாவுக்குக் கூட்டம் வரும். அன்பளிப்புப் பையை வாங்கிக்கொண்டு கலைந்தும் போகும். அதைவிட, வாரந்தோறும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நடக்கும் எளிய தேநீர்ச் சந்திப்பு அதிகப் பயன் தரும். வருபவர்களை விருந்தாளிகளாக உட்காரவைக்காமல், ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுங்கள்: மலாய் மூதாட்டி ஒருவர் கெதுப்பாட் எனும் அரிசி உணவுக்கான ஓலைக்கூட்டைப் பின்னக் கற்றுக்கொடுக்கலாம், கோலமிடத் தெரிந்தவர் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளுக்குப் புள்ளி வைக்கச் சொல்லித்தரலாம், எதுவும் தெரியாது என்று ஒதுங்குபவரிடம் நாற்காலி அடுக்கும் வேலையையாவது கொடுக்கலாம், ஏனெனில் வேலை இருப்பவருக்கு மறுவாரமும் வரக் காரணம் இருக்கும்.

உணவில் கவனம் தேவை. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள். சைவ உணவைத் தனி மேசையில், தனிக் கரண்டிகளுடன் வையுங்கள். இந்துக்களிலும் சீனர்களிலும் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் உள்ளதால், அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். அதே இடத்தில்தான் மலாய்த் திருமணங்களும் ஈமச்சடங்குகளும் நடைபெறுகின்றன என்பதால், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புளோக்கில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்துவிட்டால், அனுமதி கையில் இருந்தாலும் அந்த வாரச் சந்திப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டுவது அவசியம். ஆனால் அது மட்டும் ஆட்களைக் கொண்டுவராது. இருவராகச் சேர்ந்து கதவைத் தட்டி அழைப்பதே பலிக்கும், அதிலும் ஒருவர் மாண்டரின் பேசுபவராக இருப்பது நல்லது. முதிய சீனர் சிலருக்கு ஹொக்கியன், தியோச்சியூ போன்ற சீனக் கிளைமொழிகள்தான் வசப்படும். அவர்களிடம் நம் மூத்த தலைமுறையினர் சந்தை மலாயில் சரளமாக உரையாடுவதைக் காணலாம், ஆகவே வீட்டிலுள்ள தாத்தா பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவு உணவு நேரத்தில் போகாதீர்கள். வர விருப்பமில்லை என்பவரை வற்புறுத்தாதீர்கள். சம்மதம் கேட்காமல் யாருடைய எண்ணையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கக் கூடாது.

சந்திப்பு நிலைபெற்றபின், தனியாக வாழும் முதியவர்களின் வருகையைக் கவனித்துவாருங்கள். வழக்கமாக வருபவர் ஒரு வாரம் வராவிட்டால், அதே மாடியில் இருப்பவர் அன்றே அவர் வீட்டுக்குச் சென்று விசாரிக்குமாறு முன்னதாகவே பேசி வையுங்கள். தொடர்ந்து உதவி தேவைப்படுமானால், அவருடைய ஒப்புதலுடன் முதியோருக்கு ஆதரவளிக்கும், அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.